தீயில்லாத அடுப்பில் பொங்கிய பால்

லிஃப்ட் கதவு திறந்தபோதே எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. யார் வீட்டிலோ கேஸைத் திறந்து போட்டுவிட்டு ஊர் சுற்றப் போயிருக்கிறார்கள், எந்தப் புண்ணியவதியோ என்று முனகிக்கொண்டே நடந்தேன். எங்கள் வீட்டை நெருங்க நெருங்க வாடை கூடியது. எங்கள் கம்பிக் கதவின் முன்னால் வந்து நின்றபோது, அந்தப் புண்ணியவதி நான்தான் என்று தெரிந்துவிட்டது.

கையில் பசார் பை, பையில் சந்தையில் வாங்கிய மீன். உள்ளே என் வீட்டுக்காரர் முத்துவேல், சமையலறை மேசையில் பேப்பரை விரித்துப் போட்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ ஒரு பழைய மெட்டு வேறு.

அடுப்பு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் மேல் பருப்புச் சட்டி. சட்டிக்கு அடியில் நெருப்பு இல்லை. கடல் பக்கத்து ஜன்னல் வழியாக வந்த காற்று சிறுதீயை ஊதி அணைத்துவிட்டு, போகிற போக்கில் ஜன்னலையும் சாத்திவிட்டுப் போயிருந்தது. குமிழ் மட்டும் திறந்தபடியே இருந்தது.

"சுவிட்ச் எதையும் தொடாதீங்க" என்றேன்.

குமிழை மூடினேன். கேபினட்டுக்குள் இருந்த கேஸ் தோங்கின், அதுதான் அந்த சிலிண்டரின், தலையையும் திருகி அடைத்தேன். வீட்டில் இருந்த ஜன்னல், கதவு அத்தனையையும் திறந்தேன். அவர் தலை கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு இப்ப?"

"கேஸு. வீடு முழுக்க கேஸு. வாசல் வரைக்கும் நாறுது. உங்களுக்கு மூக்கு எங்க இருக்கு?"

"சளி புடிச்சிருக்கு" என்றார். மறுபடி நெத்திலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவருக்குச் சளி இல்லை. முந்தின நாளும் இல்லை. ஆனால் வாடை போகிறதா என்று மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அடுப்படிக்கு யார் ராஜா

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படித்துவிட்டு என் மீன் குழம்பின் பக்குவம் கேட்டு எழுதுகிற சகோதரிகளுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது என் குழம்பு இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. சோறு வைப்பேன், அதுவும் ரைஸ் குக்கர் வைக்கிறது.

கல்யாணமான புதிதில் நான் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்த்தேன். காலையில் ஃபேக்டரி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. இவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிற கிளார்க். ஷிஃப்ட் வேலை, பாதி நாள் பகலில் வீட்டில்தான் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து அடுப்படியை அவர் எடுத்துக்கொண்டார்.

"நீ வெங்காயம் உரி, பாத்திரம் கழுவு. அடுப்புகிட்ட மட்டும் வராத" என்பார். நான் ஏன் போகிறேன்? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று எனக்கு.

அவர் சமையல் முழுக்க மூக்கால் நடக்கிற சமையல். கொதிக்கும்போது கரண்டியில் எடுத்து ருசி பார்க்க மாட்டார். "உப்பு குறைஞ்சா வாசத்திலேயே தெரியும்" என்று பீற்றிக்கொள்வார். அது எனக்கு அளப்பாகத்தான் பட்டது, ஆனால் குழம்பில் ஒருநாளும் உப்பு குறைந்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சில ஆண்களைப் போல டிவி முன்னால் சாய்ந்து கிடக்கவில்லை. காலையில் எழுந்ததும் 'இன்னைக்கு என்ன' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு குளிர்பெட்டியைத் திறப்பார். அந்த ஒரு கேள்வியில்தான் அவருடைய நாள் நடந்துகொண்டிருந்தது.

டுரியான் கடையில் சண்டை

கேஸ் விவகாரம் நடந்த அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

போன டுரியான் பருவத்தில் பாலேக் பூலாவ் போகிற வழியில் எங்கள் வாடிக்கைக் கடையில் காடியை நிறுத்தினோம். இவர் டுரியான் எடுத்தால் கடைக்காரரே தள்ளி நின்று பார்ப்பார். காம்புப் பக்கம் மூக்கை வைத்து, 'இது ஆகாது, இது நாளைக்கு, இது இப்ப' என்று பிரித்து வைப்பார். அந்தத் தடவை அவர் எடுத்தது எல்லாமே சொத்தை. ஒன்று பச்சைக் காய், ஒன்று தண்ணீர் கோத்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இவர் ஒரு சண்டை போட்டார் பாருங்கள், எனக்குக் காடிக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பழத்தை எடுத்தது இவர், திட்டு வாங்கியது அந்த மனுஷன்.

இன்னொரு நாள் புளித்துப்போன தேங்காய்ப்பாலை ஊற்றிக் குருமா வைத்தார். குளிர்பெட்டி சரியில்லை என்றார். குளிர்பெட்டிக்காரரும் வந்து பார்த்தார், அதில் ஒரு கோளாறும் இல்லை.

அந்தப் பெருநோய் ஊரையே அடைத்துப் போட்டிருந்த காலத்தில் இவருக்கும் வந்து போனது. காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது, நாங்களும் பிழைத்தோம் என்று இருந்துவிட்டோம். அதிலிருந்துதான் அவர் கரண்டியில் எடுத்து ருசி பார்க்க ஆரம்பித்திருந்தார். வயசாகிறது, ஜாக்கிரதை வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பெண்டாட்டி என்று ஒருத்தி வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம்?

அன்று மாலையே சொல்லிவிட்டேன்.

"கேஸ் அடுப்பு வேணாம். எடுத்துப் போட்டுட்டு கரண்டு அடுப்பு வாங்குவோம்."

"நெருப்பு இல்லாம என்ன சமையல்? தீயப் பாத்துதான் சமைக்கணும்லா."

"தீயப் பாத்துட்டுத்தான் காலைல நெத்திலி கிள்ளுனீங்களா?"

பேச்சு அதோடு நின்றது. அவர் மூக்கைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மனுஷன் தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவரைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு பசாருக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

காந்தம் செய்த பாகப்பிரிவினை

சீரியல் கதை, சினிமாக் கதையெல்லாம் பேசுகிற எங்கள் மாடித் தோழிகள் அந்த வாரம் முழுக்க அடுப்புக் கதை பேசினார்கள். கண்ணாடி மேல் இருக்கிற இண்டக்‌ஷன் அடுப்புதான் நல்லது, கண்ணாடி சுடாது, பாத்திரம் மட்டும்தான் சுடும், பாத்திரத்தை எடுத்துவிட்டால் தானாக நின்றுவிடும் என்றார்கள். ஒரே ஒரு தொல்லை. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் வேலை செய்யும்.

குளிர்பெட்டிக் கதவில் கேமரன் மலையில் வாங்கிய ஸ்ட்ராபெரி காந்தம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எல்லாப் பாத்திரத்தையும் மேசையில் அடுக்கினேன். ஒட்டுவது அந்தப் பக்கம், ஒட்டாதது இந்தப் பக்கம். சொத்துப் பிரிக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

தோசைக்கல் ஒட்டியது. எவர்சில்வரில் சிலது ஒட்டியது, சிலது ஒட்டவில்லை. அலுமினிய பிரஷர் குக்கர் இல்லை. இட்லிப் பானை இல்லை. சாமி ரூமிலிருந்த பித்தளைச் செம்பு இல்லை. கடைசியில் அவர் தன் மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மீன் குழம்புக்கென்றே வைத்திருக்கிற, உள்ளே கறுத்து மினுமினுக்கிற சட்டி. காந்தம் அதில் வழுக்கிக்கொண்டு மேசையில் விழுந்தது.

"சரி" என்றார். "சட்டி இந்தப் பக்கம், நானும் இந்தப் பக்கம். நீயும் ஒன் தோசக்கல்லும் அந்தப் பக்கம் இருந்துக்குங்க."

சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கு வரவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்தார்.

கடையில் கேட்ட கேள்வி

எப்படியோ இழுத்துக்கொண்டு போனேன். 'சும்மா பாத்துட்டு வருவோம்' என்று சொன்னால்தான் அவர் எந்தக் கடைக்கும் வருவார்.

பெரிய கடை. வரிசையாகக் கண்ணாடி அடுப்புகள், எல்லாம் கறுப்பு, எல்லாம் பளபளப்பு. ஒரு சீனர் வந்து கூடவே நடந்தார். நடுவயது, பொறுமையான ஆள். பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் ஒரு 'வாங்க அக்கா'.

முதலில் கேஸ் அடுப்பைக் காட்டினார். இப்போது வருவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, காற்றில் தீ அணைந்தால் கேஸும் தானாக அடைத்துக்கொள்ளும் என்று பற்றவைத்து, ஊதி அணைத்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது. 'பாத்தியா' என்பது போல் என்னைப் பார்த்தார்.

அடுத்தது பாதி கேஸ், பாதி கரண்டு என்று ஒன்று. "இது ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். வேணாம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன், கடைக்காரருக்கு என் முகத்திலேயே புரிந்துவிட்டது.

அப்புறம் இண்டக்‌ஷன். அதற்கு அடுத்து செராமிக். செராமிக்கும் கண்ணாடிதான், ஆனால் உள்ளே கம்பி பழுத்துச் சிவப்பாகத் தெரிகிறது. எந்தப் பாத்திரமும் வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால் மண்சட்டியும் வைக்கலாம். மெதுவாகச் சூடேறும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுடும். இரண்டையும் ஆளுக்கொரு பக்கமாக வைத்து ஒரே அடுப்பாகவும் வருகிறது. அதையும் காட்டினார்.

இவர் கேஸை விட்டு நகரவில்லை. "இதுலதான் பாதுகாப்பு இருக்குங்கிறாருல்ல. இது போதும்" என்றார்.

கடைக்காரர் தலையாட்டினார். தீ அணைந்தால்தான் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் என்று மெதுவாகச் சொன்னார். ரப்பர் குழாய் வெடித்தாலோ தோங்கின் தலையில் கசிந்தாலோ அதற்குத் தெரியாது. அப்புறம், எல்லாரிடமும் கேட்கிற கேள்வி என்பது போல, கேட்டார்.

"காலாவ் காஸ் போச்சோர், அங்கிள் போலே பாவ் கா?"

கேஸ் கசிந்தால் உங்களுக்கு வாடை தெரியுமா என்கிறார்.

இவர் கண்ணாடியில் படிந்திருந்த தன் விரல் தடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு அந்த மனுஷனைப் பார்த்துச் சொன்னார்.

"சாயா தாக் போலே பாவ். சூடா லாமா."

எனக்கு வாசம் தெரியாது. ரொம்ப நாளாச்சு.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம், மலாயில் சொல்கிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நிமிஷம் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. எதிரே இருந்த அடுப்பின் குமிழை நான் சும்மா திருகிக்கொண்டே இருந்தேன்.

கடைக்காரர் பெரிதுபடுத்தவே இல்லை. "ஓ. அப்படின்னா கேஸ் வேணாம்லா அங்கிள்" என்று மலாயிலேயே சொல்லிவிட்டு, கேஸ் அடுப்பின் விளம்பரத்தாளை மடித்து ஓரமாக வைத்தார். வாடை கண்டால் மணியடிக்கிற பெட்டி ஒன்று உண்டு, அதை மாட்டிக்கொண்டு கேஸே வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார்.

"வேணாம்" என்றார் இவர். நான் சொல்லவில்லை, அவராகச் சொன்னார். "கேஸே வேணாம்."

ஜாமில் நின்ற காடி

திரும்பி வரும்போது ஜெலுத்தோங் பக்கம் சரியான ஜாம். காடி நகரவே இல்லை. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு நீ வந்து கதவத் தொறந்ததும் லைட்டத் தட்டியிருந்தா என்னா ஆயிருக்கும்?"

"தட்டலயே."

"நீ எப்பவும் தட்டுவ. பகல்லயும் தட்டுவ. நான் உக்காந்து நெத்திலி கிள்ளிக்கிட்டு இருக்கேன், ஒன்னயக் கொன்னுருப்பேன். அதுலேருந்து எனக்குத் தூக்கமே சரியா வரல."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ என்ன சொல்லுவ? மூக்கு போச்சு, இனிமே அடுப்புகிட்ட வராதீங்கன்னுவ. அப்புறம் காலைல எந்திரிச்சு நான் என்ன பண்றது?"

இதுதானா சங்கதி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பயந்தது கேஸுக்கு மட்டும் இல்லை.

"நான் எதுக்குச் சொல்றேன்? என் சாம்பார நானே சாப்பிடறதுக்கா?" என்றேன்.

அவர் சிரித்தார். முன்னால் நின்ற லாரி நகர்ந்ததைக்கூடக் கவனிக்காமல் சிரித்தார், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் கிராம்பு, எலுமிச்சை என்று மோந்து பழகச் சொன்னார். பழகுகிறார்.

நாத்தனார் பார்த்த சகுனம்

ஒரு பக்கம் இண்டக்‌ஷன், ஒரு பக்கம் செராமிக். அந்த இரட்டை அடுப்பைத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் "இது எந்தக் கால் ஆத்துல, எந்தக் கால் சேத்துல?" என்று என்னைக் கேட்டார். கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

வயர்மேன் வந்து அடுப்புக்கென்று தனியாக லைன் இழுத்துக் கொடுத்தார். பழைய அடுப்பும் தோங்கும் வெளியே போயின. இவர் லிட்டில் இந்தியாவுக்குப் போய், அடி தட்டையான புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்து, கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழக்கிக்கொண்டிருந்தார்.

புது அடுப்பு வந்தால் முதலில் பால்தான் காய்ச்ச வேண்டும். அதற்கு வீட்டுப் பெண் வர வேண்டும். செபராங் ஜெயாவிலிருந்து இவருடைய தங்கை செல்வி பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தாள். சகுனம் பார்ப்பதில் எங்கள் குடும்பத்துக்கே அவள்தான் தலைமை. பல்லி சொன்னால்கூடக் காடியைத் திருப்பிவிடுவாள்.

பித்தளைச் செம்புக்கு மஞ்சள், குங்குமம் வைத்து, செராமிக் பக்கம் ஏற்றினோம். வட்டம் சிவந்தது. "தீ எங்க அண்ணி?" என்று செல்வி குனிந்து பார்த்தாள். "உள்ள இருக்கு, நீ பால ஊத்து" என்றேன்.

பால் ஏறியது. பொங்க வேண்டும், வழிய வேண்டும். அதுதானே முறை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நன்றாகவே பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது, செல்விக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் அடுப்பின் தொடு பொத்தான்கள் இருந்தன.

பால் பட்டதும் அடுப்பு 'பீப் பீப்' என்று கத்தியது. ஏதோ ஓர் எழுத்து மின்னியது. சிவப்பு வட்டம் அப்படியே அணைந்தது.

புத்தகத்தில் போட்டிருந்ததாம். பொத்தானில் தண்ணீரோ பாலோ பட்டால் அடுப்பு தன்னை நிறுத்திக்கொள்ளும் என்று. யார் படித்தார்கள்? அந்தப் புத்தகத்தை எழுதினவர்களுக்கும், வேண்டுமென்றே பாலை வழியவிடுகிற ஆட்கள் இருக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

செல்வியின் முகம் வாடிவிட்டது.

"மொத நாளே அடுப்பு அணைஞ்சிருச்சே அண்ணே. எனக்கு மனசுக்கு நல்லா படலையே."

எனக்குப் பயம் வந்துவிட்டது, சகுனத்தை நினைத்து இல்லை. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவர் மனசு விட்டுவிடுவாரோ என்றுதான். இவர் துணியை எடுத்து, வழிந்த பாலை ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தார்.

"செல்வி, பால் பொங்குச்சா இல்லையா?"

"பொங்குச்சு."

"பொங்குனதும் அடுப்பு தானா நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"பழைய அடுப்பு நிக்கலம்மா. தீ அணைஞ்ச பிறகும் கேஸு வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியல." துணியைப் பிழிந்து வைத்தார். "எனக்கு வாசம் தெரியாது செல்வி. அந்தக் காய்ச்சல்ல போனது. இன்னும் வரல."

தமிழில் அவர் அதை நேராகச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். செல்வி வாயில் கை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் அவள் தோளைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் இன்னும் சூடு இருந்தது, ஓரத்தில் ஒட்டியிருந்த பால் காந்திக்கொண்டிருந்தது.

"பால் காந்துற வாசம் வருதா?"

"வருது."

"எப்படி இருக்கு?"

எனக்கு இதெல்லாம் சொல்லிப் பழக்கம் இல்லை. யோசித்துச் சொன்னேன். "கோயில்ல சர்க்கரப் பொங்கல் அடிப் பிடிச்சா வரும்ல, அது மாதிரி. ஆனா இனிப்பு கம்மி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ஆமா" என்றார். "ஞாபகம் இருக்கு."

இப்போது நடப்பது

எந்த அடுப்பு வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். விலையும் பளபளப்பும் அப்புறம். சமைக்கிறவருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று முதலில் கேளுங்கள். உங்களிடம் சொல்லவில்லை என்றால் கடைக்காரரை விட்டுக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. எனக்குப் போட்டது. அடுப்புகிட்ட வராதே என்று இத்தனை காலம் விரட்டியவர், தாளிக்கிற நேரத்தில் "சரசு, இங்க வா" என்று கூப்பிடுகிறார். கடுகு வெடிப்பதை அவர் காது பார்த்துக்கொள்ளும். கறிவேப்பிலை பொரிவதைக் கண் பார்த்துக்கொள்ளும். வெந்தயம் மட்டும் என் பொறுப்பு. சிவந்து வாசம் வரும்போது நான் 'போதும்' என்று சொல்ல வேண்டும்.

போன வாரம் புதுச் சட்டியில் முதல் மீன் குழம்பு வைத்தார். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், 'போதும்' என்பதைக் கொஞ்சம் பிந்திச் சொல்லிவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவர் ஒரு வாய் வைத்தார். மூக்குதான் போயிற்று, கசப்பும் புளிப்பும் நாக்குக்கு இன்னும் தெரிகிறது.

"கசக்குது" என்றார். "நாளைக்கு ஒழுங்கா மோந்து பாரு. அடுப்புகிட்ட உக்காந்தா அடுப்புல கவனம் இருக்கணும்."

"சரிங்க" என்றேன்.

அந்தச் சட்டியில் இருந்த குழம்பை நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.